ஜோடி முயல் வாங்கச் சொல்வதற்கு முன்னால் இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரக்கூடிய செல்லப் பிராணிகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி, அப்புறம் முயல். முயலுக்கு நாலே வரி. தனியாக வளர்த்தால் ஏங்கிவிடும், அதனால் ஜோடியாகவோ நாலைந்தாகவோ வாங்கி ஒரே கூண்டில் விடுங்கள், ஒன்றோடொன்று விளையாடிக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. தனியாக இருந்தால் ஏங்கும் என்பது சத்தியம். ஆனால் வாங்கிய அன்றே ஒரே கூண்டில் விடுங்கள் என்பதை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2022 சித்திரையில் பிள்ளைகளுக்கு லீவு விட்ட கையோடு சந்தைக்குப் போயிருந்தோம். தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு முயல் குட்டிகளை வைத்து ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். சின்னவள் அந்தப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. நான் ஒன்றுதான் கேட்டேன். "ஒத்தையா வாங்கினா செத்துப் போயிடும்மா, ஜோடியா எடுத்துக்குங்க, ஒண்ணு ஆண் ஒண்ணு பெண்" என்று கையை விட்டு இரண்டைத் தூக்கிக் கொடுத்தார். ஜோடி 500 ரூபாய். வெள்ளைக்குப் பொரி, பழுப்புக்குக் கடலை என்று வழியிலேயே பேர் வைத்தாகிவிட்டது. இரண்டு மாதக் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார். என் உள்ளங்கைக்குள் அடங்கிய அந்த அளவை இப்போது நினைத்துப் பார்த்தால் ஐந்து வாரம் ஆகியிருந்தால் அதிகம். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டிகள் அவை.

நாலு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரே தட்டில் தின்றன, ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கின, பொரி எங்கே போனாலும் கடலை பின்னாலேயே போவான். ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை வாசல் தெளிக்க எழுந்தபோது கூண்டுக்குள் பஞ்சு உதிர்ந்த மாதிரி முடி, கம்பியில் ரத்தம். கடலை மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். தூக்கிப் பார்த்தால் பின்னங்கால் நடுவே கிழிந்து தொங்குகிறது. அப்போதுதான் தெரிந்தது, இரண்டுமே ஆண். ஆண் முயல்கள் முற்றிச் சண்டை போட்டால் எதிரியின் விதையைத்தான் குறிவைத்துக் கடிக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் சின்னவள் அன்று பள்ளிக்கே போகவில்லை.

விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐந்து வாரக் குட்டியில் ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது பழகினவர்களுக்கே தப்பும், ஆணுக்கு விதை வெளியே தெரியவே இரண்டரை மூன்று மாதம் ஆகும். ஆனால் தெரியாது என்று சொல்லி விற்றிருக்கலாம்.

ஏன் நாலு மாதம் ஒட்டி உறவாடியவை திடீரென்று கொலைவெறி கொண்டன? வயசுக்கு வந்ததுதான் காரணம். முயலுக்கு மூன்றரை, நாலு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். நம் வீட்டில் வளரும் வெள்ளை முயல், கறுப்பு முயல், சாம்பல் முயல் எல்லாவற்றுக்கும் பூர்வீகம் ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அங்கே அவை மண்ணுக்குள் பொந்து தோண்டிக் கூட்டமாக வாழ்கிற பிராணிகள். கூட்டம் என்றால் அதில் பெரியவன் யார், சின்னவன் யார், எந்த இடம் யாருடையது என்கிற கணக்கு எப்போதும் உண்டு. தோற்றவன் ஓடித் தப்பிக்க அங்கே காடு இருக்கிறது. நான் கொடுத்தது இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கூண்டு. கடலை எங்கே ஓடுவான்?

அதனால் கூட்டமாக வாழும் பிராணி என்பது உண்மைதான், ஆனால் எந்த இரண்டைச் சேர்த்து அடைத்தாலும் அது கூட்டம் ஆகிவிடாது. நம் வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம், எத்தனை தடவை போய் வருகிறோம்.

உண்மையிலேயே ஆணும் பெண்ணுமாக ஜோடி கிடைத்தவர்கள் கதை வேறு மாதிரி போகும். காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான். சினை பிடித்து 30, 31 நாளில் குட்டி போட்டது, ஏழு. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினை பிடிக்கும், ஆண் பக்கத்திலேயே இருந்தால். அடுத்த மாதம் மறுபடி ஒன்பது. முதல் ஈட்டுக் குட்டிகள் பருவத்துக்கு வந்தபோது யார் தாய், யார் மகள், எதைப் பிரித்து எங்கே வைப்பது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் பாதியைக் கறிக்குக் கொடுத்தார்கள், மீதியை ராத்திரியில் தொப்பூர் கணவாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். காட்டில் பிழைத்துக்கொள்ளும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். வெள்ளை முயல் நம் காட்டில் ஒரு ராத்திரி தாண்டாது. நரியும் ஆந்தையும் நாயும் விடாது.

காட்டு முயலே இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வேறு பிராணி. நம் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஓடுவது பொந்து தோண்டாது, பெரும்பாலும் தனியாகவே திரியும், அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சீக்கிரமே ஓடத் தயாராகிவிடும். வீட்டு முயலின் குட்டி ரோமமில்லாமல் கண் மூடிப் பிறந்து, கண் திறக்கவே பத்து நாள் ஆகும். இரண்டும் இனம் சேராது. கொல்லையில் காட்டு முயல் குட்டி கிடைத்தது, துணைக்கு என் முயலோடு விட்டுவிட்டேன் என்று ஒரு பையன் பெருமையாக என்னிடம் சொன்னான். பயத்திலேயே செத்துவிடும், தவிர 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம் என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே விட்டுவரச் சொன்னேன். தாய் பகலெல்லாம் தள்ளியே இருந்து, ராத்திரியில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். தனியாகக் கிடப்பதைப் பார்த்து அனாதை என்று நினைத்துத் தூக்கி வந்துவிடுகிறோம்.

சரி, கடலைக்கு வருகிறேன். பக்கத்தில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாள் பூராவும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிற மனிதர், ஆனாலும் பொறுமையாகக் காயத்தைக் கழுவித் தைத்தார். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா என்று நான் கேட்டதும் பதறிவிட்டார். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, கழிச்சல் கண்டு முயலே போய்விடும் என்றார். இதை ஒவ்வொரு முயல் வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும். இன்னொன்றும் சொன்னார். முயலுக்குச் சீழ் பிடித்தால் அது பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும், தானாக உடைந்து வடியாது, அதனால் சண்டையில் பட்ட சின்னப் பல் தடத்தைக்கூட முடியை விலக்கித் தேடிப் பார்க்க வேண்டும் என்று. பொரியின் கழுத்தில் அப்படி ஒரு தடம் இருந்தது, நான் பார்க்கவே இல்லை. பத்து நாள் கழித்து எலுமிச்சை அளவு கட்டி.

இரண்டையும் காயடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க இப்படித்தான் என்று அவர்தான் சொன்னார், ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமில்லை, வெளியூரில் பாருங்கள் என்றும் அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். புரட்டாசியில் இரண்டையும் கூடையில் வைத்து ரயிலில் ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் கொண்டுபோனேன். கடையை இரண்டு நாள் மூடினேன். முயல் விலை 500, வைத்தியம் அதைப்போல் பல மடங்கு. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம், ஆபரேஷனுக்கு முன்னால் முயலைப் பட்டினி போடக் கூடாது. நமக்கும் நாய்க்கும் வாந்தி வரும் என்று வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது, ஆனால் வயிறு காலியாகிக் குடல் நின்றுபோனால் அது உயிருக்கே ஆபத்து. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது.

காயடித்து வந்த உடனே சேர்த்து விடலாம் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. ரத்தத்தில் ஏறிய வேகம் தணிய ஆறு வாரம் ஆகும். பெண் முயல் இருக்கிற வீடாக இருந்தால் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும், காயடித்த பிறகும் நாலு முதல் ஆறு வாரம் வரை ஆண் முயலால் சினைப்படுத்த முடியும். "அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று அன்றைக்கே சேர்த்து விட்டு, ஒரு மாதம் கழித்துக் குட்டியை எண்ணினவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆறு வாரமும் இரண்டு தனி வலைத் தடுப்பு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒட்டியே வைத்தால் வலை வழியாக மூக்கைக் கடித்துவிடும். பார்க்கலாம், முகரலாம், தொட முடியாது. தினமும் சாயங்காலம் பொரி படுத்த சாக்கைக் கடலைக்கும், கடலை படுத்ததைப் பொரிக்கும் மாற்றிப் போட்டேன். முயலுக்கு உலகமே வாசனைதான், ஆளைத் தெரிவது வாசனையில், இடம் தெரிவது வாசனையில், அதனால்தான் தாடையை எதிலும் தேய்த்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் சாக்கைப் போட்டால் கால்களால் பறித்துத் தள்ளினான் பொரி. நாலாம் வாரம் அதிலேயே கால் நீட்டிப் படுத்தான்.

அப்புறம் சேர்த்து வைக்கிற வேலை. இதற்கு முதல் விதி, இடம் இரண்டுக்கும் அந்நியமாக இருக்க வேண்டும். பழைய கூண்டில் விட்டால் அது என் வீடு, உன் வீடு என்று மறுபடி தொடங்கிவிடும். கடைக்கு மேலே ஒரு காலி அறை இருந்தது, தரையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, டைல்ஸில் கால் வழுக்கினால் மிரளும் என்பதால் பழைய ஜமுக்காளத்தை விரித்தேன். நடுவில் ஒரு குவியல் அருகம்புல். இரண்டு பக்கமும் திறந்த மாம்பழ அட்டைப் பெட்டி இரண்டு. ஒரு வழி மட்டும் உள்ள பெட்டி வைக்கக் கூடாது, உள்ளே போனவன் மாட்டிக்கொள்வான், அடி அங்கேதான் விழும். நான் கையில் முறத்தோடு உட்கார்ந்தேன். சண்டை வந்தால் நடுவில் கையை விடக் கூடாது, முயல் பல் விரலை எலும்பு வரை கிழிக்கும், அந்த நேரத்தில் அதற்கு நம் முகம் தெரியாது. முறத்தை நடுவில் இறக்கினால் போதும், ஒன்றை ஒன்று பார்க்காமல் போனதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். எங்கள் அம்மா காலத்து முறம் அது, இப்படி ஒரு வேலை செய்யும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் நாள் பத்து நிமிடம். ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி ஓடின, பொரி கடலையின் மேல் ஏறினான். ஏறுவதைப் பார்த்து உடனே பிரித்துவிடாதீர்கள், யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும் வழி அது, பெண் முயல்கள்கூட ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கொஞ்ச நேரம் விட்டு இறக்கிவிடலாம். ஆனால் தலைப் பக்கமாக ஏறினால் உடனே விலக்க வேண்டும், கீழே இருப்பவன் வயிற்றுக்கடியில் கடித்துவிட்டால் திரும்பவும் பழைய கதைதான். துரத்துவது, ஒரு வாய் முடியைப் பிடுங்குவது, இதெல்லாம் இருக்கும். காது இரண்டையும் பின்னால் மடக்கி, வாலைத் தூக்கி, உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றால் அடுத்த நொடி பாய்ச்சல், முறத்தைத் தயாராக வைக்க வேண்டும். இரண்டும் பந்தாகச் சுருண்டு உருண்டால் அது உண்மையான சண்டை, அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது ஒன்று. எட்டாம் நாளிலிருந்து இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தன. பிடிக்கவில்லை போல என்று மனசு விட்டுப்போனது. உண்மையில் அதுதான் நல்ல சகுனம். எதிரி இருக்கிற இடத்தில் எந்த முயலும் முகம் கழுவாது, கண்ணைத் திருப்பிக்கொள்ளாது. அப்புறம் புல்லை ஒன்றாக நின்று தின்றன. பதினைந்தாம் நாள் கடலை தலையைத் தரையோடு தாழ்த்திப் பொரியின் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தான். நக்கிவிடு என்று கேட்பது அது. பொரி மூக்கைத் திருப்பிக்கொண்டான். மறுநாளும் வைத்தான், மறுநாளும் திருப்பிக்கொண்டான். இருபத்து மூன்றாம் நாள் காலை பொரி குனிந்து கடலையின் நெற்றியை நக்கினான். நெற்றி, கண், காதின் அடி என்று பத்து நிமிடம் விடாமல் நக்கினான். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். கீழே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அக்கா என்னமோ ஏதோ என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

அன்றைக்கே ஒன்றாக விடவில்லை. ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், ஒரு முழு நாள், நான் பக்கத்திலேயே படுத்து ஒரு ராத்திரி, இப்படி மார்கழி பிறந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய இடத்தையும் கழுவி, தட்டு, தண்ணீர்ச் சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்து விட்டேன். தட்டு எப்போதும் தலைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று கூடுதலாக. இரண்டடிக் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் பத்தடிக்கு ஆறடி வலை அடித்தோம். கம்பித் தரை வேண்டாம், முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருக்கிற மாதிரி மெத்தைத் தோல் கிடையாது, வெறும் முடிதான், கம்பியில் நின்றே புண்ணாகிவிடும்.

மூன்று, நாலு என்று வளர்ப்பவர்களுக்கு என் சின்னம்மா மகள் அனுபவத்தைச் சொல்கிறேன். பர்கூரில் இருக்கிறாள். ஒரே ஈட்டில் பிறந்த மூன்று பெண் முயல், காயடித்த ஒரு ஆண், நாலும் இரண்டு வருடமாக ஒரு கொட்டகையில் நன்றாக இருந்தன. காயடித்த ஆணும் பெண்ணும்தான் எல்லாவற்றிலும் சுலபமாக இணங்கும் ஜோடி, கூட்டமாக வளர்க்கவும் அதையே நடுவில் வைத்து விரிப்பது நல்லது. ஐந்தாவதாக ஒரு பெண் முயலை யாரோ இலவசமாகத் தந்தார்கள் என்று நேராக உள்ளே விட்டாள். புதியதைத்தான் அடிக்கும் என்று நினைப்போம். அடித்தன, ஆனால் அதோடு நிற்கவில்லை, அந்தக் கலவரத்தில் அக்கா தங்கைகளும் ஒன்றை ஒன்று கடிக்கத் தொடங்கின. கூட்டத்தில் ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் பழைய கணக்கு மொத்தமும் கலைந்துவிடும், எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. ஐந்தையும் பிரித்து, அந்நிய இடத்தில் புதிதாகச் சேர்க்க அவளுக்கு மூன்று மாதம் ஆனது, அதிலும் ஒன்று கடைசி வரை ஒட்டவில்லை, அதைத் தன் அக்கா வீட்டு ஆண் முயலோடு சேர்த்துவிட்டாள். ஒட்டாததை வற்புறுத்தக் கூடாது, அதற்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு.

அதே போல ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வந்தால் மருந்து வாசனையில் மற்றவை அதை அந்நியன் என்று துரத்தும். துணையையும் கூடையில் வைத்துத் தூக்கிப் போங்கள். நோயாளிக்கும் அது தெம்பு.

பெண் முயலுக்கும் கருத்தடை தேவையா, குட்டி போடாமல் பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். தேவை. கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு மூன்று நாலு வயசுக்கு மேல் கருப்பையில் புற்று வருவது ரொம்பச் சகஜம். அது போக, பொய்ச் சினை என்று ஒன்று உண்டு. சினையே இல்லாமல் பதினாறு, பதினெட்டு நாள் சினை மாதிரியே இருந்து, தன் நெஞ்சு முடியைப் பிய்த்துக் கூடு கட்டிக்கொண்டு, பக்கத்தில் வரும் எல்லோரையும் கடிக்கும். பாசமாக இருந்த முயல் திடீரென்று கடிக்கிறது என்று விற்றுவிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நடப்பது இதுதான்.

பண்ணைகளில் பெரிய முயல்களைத் தனித்தனிக் கூண்டில்தானே வைக்கிறார்கள் என்றும் கேட்கலாம். பண்ணையில் நோக்கம் குட்டியும் கறியும், எந்த ஆணை எந்தப் பெண்ணோடு எந்த நாளில் விட்டோம் என்ற கணக்கு வேண்டும், காயம் படக் கூடாது. அந்த முறையை எழுதிய கையேட்டைப் பார்த்து வீட்டில் ஒரு முயலை எட்டு வருடம் தனியாக அடைத்து வைப்பது நியாயமில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம் உயிரோடு இருக்கிற பிராணி.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை. தேன்கனிக்கோட்டையில் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பங்குனி, சித்திரையில் என்ன வெயில் என்று தெரியும். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை வெளியேற்றப் பெரும்பாலும் அந்தக் காதுதான். 30 டிகிரிக்கு மேலேயே திணறத் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்க்கிற வேலையைத் தொடங்கவே வேண்டாம், ஒன்று துரத்தி ஒன்று ஓடினால் சூடு தாங்காமல் சுருண்டு விழும். தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்கு. உடைந்த மண்பானைப் பாதி, சுற்றிலும் ஈரச் சாக்கு, ஃபிரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஆளுக்கொன்று. ஆளுக்கொன்று என்பது முக்கியம், ஒரே பாட்டில் என்றால் அதற்கும் சண்டை.

தீனிக்கு நமக்குக் குறையே இல்லை. அருகம்புல், கொழுக்கட்டைப்புல் இரண்டையும் நிழலில் காய வைத்து எப்போதும் நிறையப் போட்டு வைத்தால் பல்லும் தேயும், குடலும் ஓடும். வயிறு நிறைந்த முயல் சண்டைக்கும் குறைவாகத்தான் போகும். முயல் மசால் என்றே பேர் வைத்து ஒரு தீவனம் நம்மிடம் இருக்கிறது, அது கொஞ்சம். பிஸ்கட், சோறு, களி வேண்டாம், ஆசையாகத் தின்னும், வயிறு ஊதிச் செத்துப்போகும்.

கடலை போன பங்குனியில் இறந்துவிட்டான். காலையில் புல்லைத் தொடவில்லை, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான், அந்தச் சத்தம் வலியின் சத்தம். நாமக்கல் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்வதற்குள் முடிந்துவிட்டது. உடனே புதைக்கவில்லை. பொரியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன். முகர்ந்தான், நக்கினான், காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தான், கடைசியில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். இறந்ததைக் காட்டாமல் எடுத்துப் போனால் நாள்கணக்கில் தேடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காட்டியும் ஒரு வாரம் சரியாகத் தின்னவில்லை, மாம்பழப் பெட்டிக்குள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே கிடந்தான். நான் எத்தனை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நான் முயல் இல்லையே.

இப்போது எள்ளு என்று ஒரு கறுப்புப் பெண் முயல் வந்திருக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள் என்று மூன்று வருடம் தனியாக மொட்டைமாடிக் கூண்டில் இருந்தவள். கருத்தடை செய்து ஆறு வாரம் பொறுத்திருந்தேன். மறுபடி அதே அறை, அதே ஜமுக்காளம், அதே முறம். பதினோரு நாள் ஆகிறது. நேற்று இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது, அடுத்த வாரம் அதே இடத்தில் இந்த விவரங்களைப் போடுங்கள். விற்கிறவர்கள் ஆணா பெண்ணா தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டாம். அப்புறம் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கிற பகுதி இது, மாட்டுக்கு இங்கே இல்லாத அறிவு இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் மாதத்தில் ஒரு நாள், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரை வைத்துக் கருத்தடை செய்தால் யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேற வேண்டியதில்லை, தொப்பூரில் கொண்டுபோய் விடவும் தேவையில்லை. நாய்க்குச் செய்கிறோமே.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாராவது ஒத்தை முயலை வைத்துக்கொண்டு துணை சேர்க்க வழி தெரியாமல் இருந்தால், என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கொடுங்கள். பொரியும் எள்ளும் முடித்துக்கொண்டு கீழே வந்ததும் மாடியறை காலியாகிவிடும், துடைத்து வைத்திருப்பேன். காயடித்து ஆறு வாரம் ஆன பிறகு, காலை ஆறு மணிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.